ஓரத்தில் நடக்கும் பூனை

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுவது. இங்கே அம்மா, மாமா, நான் மூவரும் சௌக்கியம். உனக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா? போன மாதம் வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தாய் என்று அம்மா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

இதை வீட்டில் யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். போர்வைக்குள் குப்புறப் படுத்து, மாமாவின் கையடக்க கேம் பெட்டியைத் திறந்துவைத்து, அதன் திரை வெளிச்சத்தில். நான் என்ன குற்றம் செய்கிறேன் என்று இதிலேயே உனக்குப் புரிந்திருக்கும். மாமா தூங்கிய பிறகு அதை எடுத்து ஆடுகிறேன். பரீட்சை முடியும்வரை தொடக் கூடாது என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. திட்டுவதாக இருந்தால் சுருக்கமாகத் திட்டு.

நீ வந்திருந்தபோது மாமாவுக்குப் புதிதாக வந்ததே, ஒரு பையன் தீவு தீவாகப் போய் அணைந்துபோன கலங்கரை விளக்குகளை ஏற்றுகிற ஆட்டம், அதுதான். கடைக்கு இன்னும் வரவில்லை. மாமா கேம்களைப் பற்றி எழுதுகிற இணையதளக்காரர்கள் அவருக்கு முன்கூட்டியே அனுப்பி, ஆடிப் பார்த்து முதல் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். வெளியாகும் நாள்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாதாம். இதே மாதிரி எழுதுகிற மற்றவர்களோடுகூடப் பேசக் கூடாதாம். மாமா அதை ராணுவ ரகசியம் போலக் காப்பாற்றுகிறார். காலையும் மாலையும் பள்ளி வேன் ஓட்டிவிட்டு, நடுவில் கிடைக்கும் மத்தியானத்தில் மல்லாந்து படுத்து, பெட்டியை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆடி முடித்தார். நேற்று எழுதி அனுப்பிவிட்டார்.

எனக்கு வாசித்துக் காட்டினார். நீ சொன்ன வார்த்தையையே போட்டிருக்கிறார். இதே கட்டிலில் படுத்துக் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "அழகா இருக்கு மாமா, ஆனா ரொம்பத் தனிமையா இருக்கு. பாவம், அந்தப் பையனுக்குத் துணைக்கு ஒரு ஈ காக்கா இல்ல" என்றாயே. அவரும், "இந்த ஆட்டத்தின் பலமும் குறையும் தனிமைதான். தொடக்கம் முதல் கடைசிவரை அந்தப் பையனோடு ஓர் உயிர்கூட வருவதில்லை" என்று முடித்திருக்கிறார். "உங்க அக்காவுக்கும் சம்பளத்துல பங்கு குடுக்கணும்டி" என்று சிரித்தார்.

எனக்கு மட்டும் தனிமையாகவே தெரியவில்லை. பூனை இருக்கிறதே! சாம்பல் நிறத்தில், திரையின் ஓரத்திலேயே, சத்தம் போடாமல் கூட நடந்து வருகிறது. பையன் இந்தப் பக்கம் திரும்பினால் அது அந்த ஓரத்துக்குப் போய்விடுகிறது. நடுவுக்கு வருவதே இல்லை. வழி தெரியாமல் நின்றால் வழி இருக்கிற மூலையில் போய் உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது. நீங்கள் இரண்டு பேரும் ஏன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை? பூனைக்கெல்லாம் உயிர் இல்லையா? மாமாவிடம் கேட்டால் நான் ஆடியது தெரிந்துவிடும்.

வேனின் பக்கக் கண்ணாடி மறுபடியும் உடைந்துவிட்டது. "நான் நேராத்தான் போனேன், கம்பம் நகர்ந்து வந்துடுச்சு" என்கிறார் மாமா. அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு எழுதும் பதிலைப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த பேனாக்கடைக்கு அனுப்பு. கடைக்காரம்மா என்னிடம் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு அனுப்பினால் அம்மா பிரித்துச் சத்தமாக வாசிப்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் எலி

ஜூன் 19

அன்புள்ள எலிக்கு,

நான் இங்கே நலமே. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. சுருக்கமாகத் திட்டச் சொன்னாய். கழுதை. போதுமா?

இருட்டில் திரையைப் பார்த்தால் கண் கெட்டுவிடும். பகலிலேயே அம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு ஆடு.

படிப்பு நன்றாகப் போகிறது. ஆய்வகத்தில் இந்த மாதம் முழுக்க நுண்ணோக்கி வேலைதான். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. பார்க்கவேண்டியது எல்லாம் வட்டத்துக்குள், நடுவிலேயே இருக்கிறது. சுற்றி என்ன இருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. வகுப்பில் எல்லோரையும்விட நான்தான் வேகமாக எண்ணி முடிக்கிறேன் என்று ஆசிரியை சொன்னார்.

எந்தப் பூனை? நான் கொஞ்சம்தானே ஆடினேன், அது வருகிற இடத்துக்கு நான் போகவில்லை போலிருக்கிறது. எந்தத் தீவில் வருகிறது? அடுத்த கடிதத்தில் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லாதே. சொன்னால் கடிதம் வந்தது தெரிந்துவிடும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் உடம்பு சுகமாகத்தான் இருக்கிறோம். ஆனால் வீடு சரியில்லை.

ஆட்டம் வெளியாகிவிட்டது. அன்றைக்கே எல்லா இணையதளங்களிலும் எல்லோருடைய முதல் அனுபவங்களும் ஒன்றாக வந்தன. ஒருவர் விடாமல் பூனையைத்தான் கொண்டாடியிருக்கிறார்கள். "தனியாக நடக்கிறோம் என்ற எண்ணமே வராமல் பார்த்துக்கொள்கிற பூனை" என்று ஒருவர். "ஆட்டம் முடிந்ததும் பூனையைப் பிரிய மனமில்லை" என்று இன்னொருவர். மாமா எழுதியதற்குக் கீழே மட்டும் ஒரே சிரிப்பு. "ஐயா, பூனையை எங்க தொலைச்சீங்க?" "இவர் பெட்டியைத் திறக்காமயே எழுதிட்டாரு, அட்டைப் படத்தைப் பார்த்து கதை விட்டிருக்காரு." இணையதளத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

"சார், நான் முழுசா ஆடினேன் சார். நீங்க எனக்கு அனுப்பினது பழைய பிரதி. அதுல பூனையை இன்னும் சேர்க்கலை. வேணும்னா சரிபாருங்க" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கம் கேட்டதாகத் தெரியவில்லை. வைத்த பிறகு அம்மாவிடம், "என்னைப் பொய்யன்ங்கறாங்க அக்கா. நான் எதை வேணா செய்வேன், ஆடாம எழுத மாட்டேன்" என்றார்.

அது பழைய பிரதி இல்லை. நான் ராத்திரியில் ஆடுவதும் அதே பெட்டியில்தான். உன் கேள்விக்கும் பதில் இதுதான்: பூனை எந்தத் தீவிலும் புதிதாக வருவதில்லை. முதல் தீவில், படகிலிருந்து இறங்கும்போதே வருகிறது. பையனுக்கு முன்னால் பூனைதான் குதிக்கிறது.

அன்று சாயங்காலம் மாமா எனக்குக் காட்ட வேண்டும் என்றே ஆட்டத்தைத் திறந்தார். நான் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தேன். "பாரு எலி. நீயே சொல்லு. எங்க இருக்கு பூனை?" பூனை வலது ஓரத்தில் பாறைமேல் உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது. மாமா பையனையே பார்த்துக்கொண்டு கேட்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

நான் "இல்ல மாமா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்போதிலிருந்து பயமாக இருக்கிறது.

சீக்கிரம் பதில் எழுது.
எலி

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? தினமும் பேனாக்கடையில் போய் நிற்கிறேன். கடைக்காரம்மா, "அக்கா லெட்டர் வரலை, பேனாவாவது வாங்கேன்" என்கிறார். ஒரு பேனா வாங்கினேன். இது அதில் எழுதுவதுதான்.

நான் மாமாவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். திருட்டுத்தனமாக ஒருவரைக் கவனிப்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா? அம்மா டீயை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "டீ வெச்சிருக்கேன்" என்கிறாள். அவர் தலையைத் திருப்பித் தேடி எடுக்கிறார். சொல்லாமல் வைத்தால் கை பட்டுக் கொட்டிவிடுகிறது. கதவு பாதி திறந்திருந்தால் தோள் இடிக்கிறது. பொழுது சாய்ந்ததும் வெளியே போவதை எப்போதோ விட்டுவிட்டார். நாம் அவரைச் சோம்பேறி என்று கேலி செய்வோமே, நினைவிருக்கிறதா? நேராக இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது அக்கா. தூரத்தில் வருகிற பேருந்தின் எண்ணை எனக்கு முன்னால் படிக்கிறார். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அவருக்கும்.

வேனில் சின்னப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். வேன் நிற்பதற்குள் பக்கவாட்டிலிருந்து ஓடி வருகிறார்கள். அம்மாவிடம் சொல்லவா? மாமாவிடமே சொல்லவா? சொன்னால் வேனை நிறுத்தவேண்டும். வேன் நின்றால் உன் விடுதிக் கட்டணம் முதல் என்னென்ன நிற்கும் என்று உனக்கே தெரியும்.

நீ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே படிக்கிறாய். இது என்ன என்று யாரையாவது கேட்டு எழுது. கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

எலி

ஜூலை 24

எலிக்கு,

நான் சௌக்கியம். பதில் தாமதமானதற்குக் காரணம் பரீட்சைத் தயாரிப்பு.

விசாரித்தேன். பார்வை ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கிக்கொண்டு வருகிற நோய் ஒன்று இருக்கிறது. முதலில் இருட்டில் தெரியாமல் போகும். பிறகு பக்கங்கள் போகும். நடு கடைசிவரை இருக்கும். போகிறது என்பதே தெரியாது, ஏனென்றால் அங்கே கறுப்பாகத் தெரிவதில்லை. ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். மாமாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. டாக்டர்தான் சொல்லவேண்டும்.

ஆனால் இப்போது யாரிடமும் சொல்லாதே. செப்டம்பர் கடைசியில் எனக்குப் பரீட்சை. அது முடிந்தால் ஆய்வகத்திலேயே பயிற்சிச் சம்பளம் தருவார்கள். அதன் பிறகு நானே வந்து மாமாவிடம் பேசுகிறேன். அதுவரை நீ வேனில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள். பக்கத்தில் வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வா. உன்னால் முடியும்.

அம்மா இருட்டில் தடுமாறுகிறாளா? நீ? ராத்திரி விளக்கை அணைத்தால் உனக்குக் கதவு தெரிகிறதா? நிஜமாக எழுது.

ஆட்டத்தைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம், நான் சுகம். எனக்கு இருட்டில் கதவும் தெரிகிறது, கதவுக்கு அந்தப் பக்கம் போகிற பல்லியும் தெரிகிறது. அம்மா விளக்குப் போடாமலே அடுக்களையில் எல்லாவற்றையும் எடுக்கிறாள்.

நீ சொன்னபடியே செய்கிறேன். முன் இருக்கையில் உட்கார்ந்து நான் பூனையாகிவிட்டேன். சும்மா சொன்னால் மாமாவுக்குச் சந்தேகம் வரும் என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்கிறேன். "இதோ இடப்பக்கம் ஒரு சைக்கிள்! சைக்கிள்மேல் ஒரு தாத்தா! தாத்தாமேல் ஒரு குடை! தாத்தா திரும்புகிறார், திரும்பிவிட்டார்!" பின்னால் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு குட்டிப் பையன் இருக்கிறான், எல்லோரும் அவனைப் பல்லு என்று கூப்பிடுவார்கள். அவன் எனக்கு உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். "அக்கா, நாயி! நாயி வதுது!" என்று கத்துகிறான்.

"வாயை மூடிட்டு வாங்களேன்டி, காது வலிக்குது" என்கிறார் மாமா. ஆனால் நான் சொன்னதும் காலை பிரேக்மேல் கொண்டுபோகிறார். அதைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் பாடவேளை என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை.

இணையதளக்காரர்கள் இனிமேல் மாமாவுக்கு எதுவும் அனுப்பமாட்டார்களாம். "போகட்டும் விடு, பூனைக்கும் எனக்கும் ராசி இல்ல, எலிக்குத்தான் என்மேல பாசம்" என்று என் தலையில் தட்டினார். அக்கா, நான் அழாமல் இருக்கப் பட்ட பாடு!

கூட்டி வரும்போது சரி. நான் இறங்கிய பிறகு அவர் தனியாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாரே, அப்போது?

எலி

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சல் வந்து இறங்கிவிட்டது. மற்றபடி நலம் என்று எழுத வேண்டும். எழுத வரவில்லை.

காய்ச்சல் அன்று நான் வேனில் போகவில்லை. எழுந்துபோகப் பார்த்தேன். அம்மா பிடித்துப் படுக்க வைத்து மேலே போர்வையைப் போட்டு இறுக்கிவிட்டாள். "மாமா, இன்னைக்கு லீவு போடுங்க" என்றேன். "உனக்குக் காய்ச்சல்னா நான் எதுக்குடி லீவு போடணும்?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பல்லு வீட்டு வாசலில் அவன் பக்கவாட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறான். மாமா வேனை இன்னும் கொஞ்சம் முன்னால் எடுத்திருக்கிறார். வேனின் முன்முனை பட்டு அவன் உருண்டு ஓரத்தில் விழுந்திருக்கிறான். முட்டி, முழங்கை, தாடை எல்லாம் தோல் போய்விட்டது. வேறு ஒன்றும் இல்லை. அவன் பை சக்கரத்துக்கு அடியில் போனது. பை மட்டும்தான்.

பல்லுவின் அம்மா மாமாவைத் திட்டவில்லையாம். "இவன் எப்பவும் இப்படித்தாங்க, பார்க்காம ஓடுவான்" என்று பையனுக்கே ஓர் அடி வைத்திருக்கிறார். மாமா வீட்டுக்கு வந்து முகம் கழுவாமல் உட்கார்ந்துவிட்டார். "எங்கிருந்து வந்தான்னே தெரியலக்கா. இல்லாத இடத்துலருந்து வந்தான்" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு அவன் எங்கிருந்து வந்தான் என்று தெரியும். உனக்கும் தெரியும்.

செப்டம்பர் கடைசிவரை என்னால் முடியாது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் உடனே பதில் போடு.

எலி

ஆகஸ்ட் 26

எலிக்கு,

அந்தப் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லையே, அதுவே போதும். உன் காய்ச்சல் சரியாகிவிட்டதா?

இன்னும் ஒரே ஒரு மாதம். நீ சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். டாக்டர் நிறையக் கேட்பார். அப்புறம் எல்லாமே வெளியில் வந்துவிடும். எனக்கு இந்தப் படிப்பை முடிக்கவேண்டும் எலி. முடிக்க முடிகிறபோதே முடிக்கவேண்டும். முடித்துச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் பிறகு யாரும் அதைத் திருப்பி வாங்க மாட்டார்கள்.

நான் சுயநலமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் சொல்லாதே.

இங்கே விடுதி மாடிப்படியில் மின்விளக்கு கெட்டுப்போய்க் கிடக்கிறது. காலில் சின்ன அடி. அதனால்தான் கையெழுத்து கோணலாக இருக்கிறது, கட்டிலில் சாய்ந்து எழுதுகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலுக்கு எப்படி இருக்கிறது? மருந்து போடு.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். படித்துவிட்டு நீ சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பிறகு நீ திட்டலாம். சுருக்கமாக வேண்டாம், முழுதாகவே திட்டு.

இன்று காலையில் வேன் சாவியை எடுத்து என் பள்ளிச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டேன். மாமா ஆணியில் தேடினார், மேஜையில் தேடினார், அம்மாவோடு சண்டை போட்டார். நான் கேம் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்துவைத்தேன்.

"மாமா, பூனை எங்க இருக்குன்னு காட்டுங்க. சாவி தரேன்."

"ஏய், நேரமாச்சு. பிள்ளைங்க நிக்கும்."

"காட்டுங்க."

"அந்தப் பிரதியில பூனை இல்லன்னு எத்தனை தடவைடி சொல்றது? நீயும்தானே பார்த்தே?"

"நான் பொய் சொன்னேன் மாமா. இருக்கு. நான் ராத்திரி ராத்திரி ஆடினேன். முதல் நாள்லருந்து இருக்கு."

அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து வழக்கம்போல முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பையன் கரையில் நின்றான். பூனை இடது மூலையில் கவிழ்த்துப் போட்ட படகுமேல் உட்கார்ந்திருந்தது.

"பையனைப் பார்க்காதீங்க. இந்த மூலையைப் பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

"அட!" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி. "அட, ஆமா! எவ்வளவு அழகா இருக்கு! வாலை ஆட்டுது பாரேன்!" நிஜமாகவே சிரித்தார் அக்கா. அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. சிரித்துக்கொண்டே பார்த்தவர் மெல்ல நிறுத்தினார். "எலி, பையன் எங்க போனான்?"

"அங்கேயேதான் நிக்கிறான் மாமா."

நடுவில் பார்த்தார். மறுபடி மூலையில் பார்த்தார். மறுபடி நடுவில். பையனைப் பார்த்தால் பூனை போய்விடுகிறது, பூனையைப் பார்த்தால் பையன் போய்விடுகிறான். வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தார். பெட்டியை மடியில் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பாமல், நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, நீ எங்க நிக்கிறே?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா எப்போதோ வந்து அவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவரே பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி செய்து வேன் வராது என்று சொன்னார். பெற்றோர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். பல்லுவின் அம்மாவிடம் பேசும்போது மட்டும் வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "நான் பொய் எழுதலை எலி. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றார். நான் சாவியைக் கொடுத்தேன். வாங்கி அம்மாவிடம் கொடுத்தார்.

என்மேல் கோபமா அக்கா?

எலி

செப்டம்பர் 13

எலிக்கு,

நலம். நீ செய்தது சரி.

டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுது. எல்லாவற்றையும் எழுது.

அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, மாமா, நான் மூவரும் இருக்கிறோம். நலம் என்று இந்த முறை எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன்.

நீ விசாரித்து எழுதினாயே, அந்த நோய்தான். போனது திரும்பி வராது. மிச்சம் இருப்பது எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்று அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி ஓட்டவே கூடாது. மாமா டாக்டரிடம், "கேம் ஆடலாமா?" என்று கேட்டார். "தள்ளி வெச்சு ஆடுங்க. முழுத் திரையும் தெரியும்" என்றார் டாக்டர். இவ்வளவு சுலபமா என்று மாமா சிரித்தார். வீட்டுக்கு வந்து கையை முழுதாக நீட்டி வைத்துக்கொண்டு ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினார். பூனை படகிலிருந்து குதித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இணையதளத்துக்கு இரண்டே வரி எழுதி அனுப்பினார். "பூனை இருக்கிறது. என் கண்ணில்தான் இல்லை." அதை அப்படியே போட்டிருக்கிறார்கள். கீழே யாரும் சிரிக்கவில்லை.

வேனை வாடகைக்கு விட்டுவிட்டோம். புது ஓட்டுநரைப் பிள்ளைகள் மீசை என்று கூப்பிடுகிறார்கள். பல்லுவுக்குத் தாடையில் காய்ந்துவிட்டது. மாமாவும் கூடவே போய்ப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுகிறார். "இடப்பக்கம் பாருங்க, இடப்பக்கம் பாருங்க" என்று அவர் படுத்துகிற பாட்டில் மீசை ஓடிவிடுவான் போலிருக்கிறது. வாடகைப் பணம் வருகிறது, அம்மா மாலையில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். "பெரியவ படிப்பு நிக்காதுன்னு எழுதிப் போடு" என்று எனக்குச் சொன்னாள். நாம் கடிதம் எழுதிக்கொள்வது அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். பேனாக்கடைக்காரம்மாவும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம்.

ஆனால் இனிமேல் எழுதப்போவதை அம்மா பார்க்கமாட்டாள். இதைப் போர்வைக்குள்தான் எழுதுகிறேன்.

இது ரத்தத்தில் வருவதாம். குடும்பத்தில் சிலரைத் தொடும், சிலரைத் தாண்டிப் போகுமாம். டாக்டர் அம்மாவையும் என்னையும் பரிசோதித்தார். எங்களுக்கு இல்லை. "வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "பெரிய பொண்ணு இருக்கா டாக்டர். அவளுக்கு ஒண்ணும் இல்ல, நுண்ணோக்கியிலயே வேலை செய்யறா, வகுப்பிலேயே வேகமாம்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா, நீயும் இதே கட்டிலில் படுத்து, பெட்டியை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஆடினாய். துணைக்கு ஈ காக்கா இல்லை என்றாய். பூனை படகிலேயே வருகிறது என்று எழுதிய பிறகு உன்னிடமிருந்து வெகுநாள் கடிதம் வரவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவைப் பற்றிப் பயப்படுகிறேன் என்று உனக்கு எழுதிய கடிதங்களில் பாதிப் பயம் உன்னைப் பற்றியது. நீ செப்டம்பர்வரை என்று சொன்னபோது கோபம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. பல்லு விழுந்தபோது உன்மேல் ரொம்பவே வந்தது. இப்போது இல்லை. அந்தப் பயத்தோடு நீ அங்கே தனியாக இருந்தாய், நானாவது உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நீ சொல்லவேண்டியது. பரீட்சையை முடி, நன்றாக எழுது. அவர்கள் கேட்பதெல்லாம் வட்டத்துக்குள் நடுவில்தானே இருக்கிறது, நீதான் வேகம். முடித்துவிட்டு வா. டாக்டரிடம் நானும் கூட வருகிறேன், உள்ளே வரைக்கும். விடுதி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கு. விளக்கு கெட்டுப்போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ வரும் பேருந்து பொழுது சாய்ந்துதான் இங்கே வந்து சேரும். நிலையத்தில் கூட்டமாக இருக்கும். தேடாதே, அவசரப்பட்டு இறங்காதே. வழக்கம்போலப் பக்கத்திலிருந்து ஓடி வந்து உன் பையைப் பிடுங்கமாட்டேன். படிக்கு நேர் எதிரே, நீ பார்க்கிற இடத்தில் நிற்பேன்.

உன் எலி